நாற்காலியில் உட்கார்ந்ததற்குப் பிறகு

கொஞ்ச நாளாகக் கண்டனம், மனு, உண்மையறியும் அறிக்கை என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை சினிமா பற்றிப் பேசலாம். நாங்கள் விமர்சகர்கள் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காலனியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரில் படம் போடுவோம். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார், பெருசுகள், பசங்க என்று முப்பது நாற்பது பேர் உட்காருவார்கள். படம் முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். பல நாள் படத்தைவிட அந்தப் பேச்சுதான் நீளமாக இருக்கும். இங்கே எழுதுவது அந்தப் பேச்சிலிருந்து எங்களுக்குள் தங்கியவை.

முதலில் எல்லோருக்கும் பிடித்த படம். 2024 செப்டம்பர் 20-ஆம் தேதி வெளியான 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. பசங்க மூன்று தடவை போடச் சொன்னார்கள். அன்பு நன்றாகப் பந்து போடுவான். ஆனாலும் ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணியில் அவனுக்கு நிரந்தரமாக ஓர் இடம் கிடைக்காது. காரணம் அவன் பந்துவீச்சில் இல்லை, பிறந்த தெருவில் இருக்கிறது. இதைப் படம் மேடை போட்டுச் சொல்லவில்லை. ஒரு பார்வை, ஒரு தயக்கம், "அவன் வேணாம்" என்கிற தோரணை, அவ்வளவுதான். எங்கள் பசங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்த வட்டாரத்தில் எந்த ஊர் டோர்னமெண்டுக்கு எந்தத் தெருப் பையனைக் கூப்பிட மாட்டார்கள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அட்டகத்தி தினேஷின் கெத்தும், டிராக்டர் ஓட்டி வருகிற யசோதையும் எங்கள் அக்காமாருக்கு ரொம்பப் பிடித்துப்போனார்கள். சிரித்துக்கொண்டே பார்த்தோம். சாதி பற்றிப் பேசுகிற படம் என்றால் அழுதுகொண்டுதான் பார்க்க வேண்டும் என்று சட்டமா என்ன?

அடுத்து எங்கள் மண்ணிலேயே எடுத்த படம். ம. மணிகண்டனின் 'கடைசி விவசாயி', 2022. உசிலம்பட்டிப் பக்கத்துக் கரடும் காடும் அப்படியே இருக்கின்றன. மாயாண்டியாக வந்த நல்லாண்டி தாத்தா நடித்த மாதிரியே தெரியவில்லை. படம் வெளிவருவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார். பிறகு தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. ஊர் கூடிக் குலசாமிக்குத் திருவிழா எடுக்க வேண்டும், அதற்கு எல்லாச் சாதிக்காரர்களும் சேர வேண்டும் என்பது கதையின் நூல். அழகான ஆசைதான். ஆனால் இதே பகுதியில், எழுமலைக்குப் பக்கத்தில்தான் உத்தப்புரம் இருக்கிறது. தலித் குடியிருப்பைப் பிரித்துக் கட்டிய சுவரில் 2008 மே 6-ஆம் தேதி அரசு பாதை திறந்தது. கோயிலுக்குள் தலித் மக்கள் போவதற்கு 2011 நவம்பர் வரை ஆனது. ஊர் கூடுவது என்றால் யார் எங்கே நிற்பது என்ற கேள்வியும் கூடவே வரும். மணிகண்டன் படம் அந்தக் கேள்வியை மெதுவாகத் தாண்டிப் போய்விடுகிறது. படத்தைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் விரும்பிய படம் என்பதால்தான் சொல்கிறோம்.

மூன்றாவது 'மாமன்னன்', 2023. மாரி செல்வராஜின் படம். தியேட்டரில் பார்த்ததுதான், மறுபடி போட்டோம். தனித் தொகுதியில் ஜெயித்த எம்.எல்.ஏ. மாமன்னன், ஆதிக்க சாதிக்காரனான மாவட்டச் செயலாளர் முன்னால் உட்காராமல் நிற்கிறார். மகன் வந்து "உட்காருங்க" என்கிறான். அந்த இடத்தில் எங்கள் சுவருக்கு முன்னால் ஒரே சத்தம். அதுவும் நிற்பவர் வடிவேலு. 1992-இல் 'தேவர் மகன்' படத்தில் எசமானுக்காகக் கையை இழந்த இசக்கியாக நடித்தவர். அந்தப் படத்தின் பாட்டு இன்னும் எங்கள் பகுதிக் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதே ஆண்டு 'சின்னக் கவுண்டர்', அடுத்த ஆண்டு 'எஜமான்', அதற்கடுத்த ஆண்டு 'நாட்டாமை'. இவற்றையெல்லாம் யாரும் "சாதிப் படம்" என்று சொன்னதில்லை. குடும்பப் படம் என்றார்கள். உட்காரச் சொல்லி ஒரு படம் வந்ததும் "சாதிப் படம் எடுத்துச் சாதியை வளர்க்கிறாங்க" என்கிறார்கள். இப்படிக் கேட்கிற நண்பர்கள் எங்களுக்கும் உண்டு. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவனைத் திரையில் காட்டியபோது உங்களுக்கு உறுத்தவில்லை. அவன் உட்கார்ந்ததும் உறுத்துகிறது. ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'மாமன்னன்' முடியும்போது அவர் சட்டமன்ற சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறார். எல்லோரும் கை தட்டினோம். படம் அங்கே முடியலாம். எங்கள் ஊர்களில் கதை அங்கேதான் தொடங்குகிறது.

அதனால்தான் 'நந்தன்' படத்தைப் போட வேண்டும் என்று நினைத்தோம். இரா. சரவணன் இயக்கியது. 'லப்பர் பந்து' வெளியான அதே நாளில்தான் இதுவும் வெளியானது. அது ஓடியது, இது அந்த அளவுக்கு ஓடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போட்டியில்லாமல் ஒரே குடும்பம் தலைவர் பதவியில் இருக்கிற ஊராட்சி, தனி ஊராட்சியாக அறிவிக்கப்படுகிறது. பாலாஜி சக்திவேல் நடித்த கொப்புலிங்கம் தன் வீட்டு வேலைக்காரன் கூழ்ப்பானையைத் தலைவராக நிறுத்துகிறார். அந்த வேடத்தில் சசிகுமார். பேருக்குத் தலைவர், நடைமுறையில் அதே எடுபிடி. படத்தின் கடைசியில் நிஜமான ஊராட்சித் தலைவர்கள் தாங்கள் பட்டதைச் சொல்கிறார்கள்.

நாற்காலிக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று காட்டத் துணிந்ததற்காக இந்தப் படத்துக்கு நன்றி சொல்கிறோம். ஒரு மனக்குறையும் உண்டு. அதைச் சொன்னது நாங்கள் இல்லை.

அன்று படம் பார்க்க வந்தவர்களில், பெண்களுக்கான தனி ஊராட்சி ஒன்றில் முன்பு தலைவராக இருந்த அக்கா ஒருவரும் இருந்தார். தலைவராகிவிட்டோம் என்று கூழ்ப்பானை வெள்ளந்தியாகப் பூரித்துப்போகிற இடத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் கேட்டோம்.

"நான் இப்படி ஒண்ணும் தெரியாத ஆளா இல்லப்பா. எல்லாம் தெரிஞ்சுதான் நின்னேன்" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரர். மோட்டார் பழுது பார்த்ததற்கோ தெருவிளக்கு மாற்றியதற்கோ பணம் எடுக்க வேண்டுமென்றால் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்வாராம். போனால் வாசலில் நிற்க வேண்டும். "இன்னிக்கு வேணாம், நாளைக்கு வா" என்பாராம். காலனியில் நான்கு நாள் தண்ணீர் வராது. சொந்தச் சனமே "தலைவரா இருந்து என்னத்தக் கிழிச்ச" என்று இவரைத்தான் ஏசும். இவருடைய மகன் வேலை பார்த்தது அதே துணைத் தலைவரின் சொந்தக்காரர் தோப்பில். மாடு மேய்க்கப் போகிற பாதையும் அவர்களுடையது.

"நாற்காலி ஆபீசுல கெடக்கு. கையெழுத்து அவுக வீட்டுல கெடக்கு. இதுல நான் எங்கிட்டுப் போய் உக்கார?"

இதற்குப் பிறகு கூழ்ப்பானையைப் பற்றி எங்களுக்கு வேறு மாதிரி யோசனை வந்தது. அவரை ஏன் அவ்வளவு அப்பாவியாக, அழுக்காக, எசமான் சொல்லை வேதவாக்காக நம்புகிற ஆளாகக் காட்ட வேண்டும்? பார்வையாளருக்கு இரக்கம் வரும், உண்மைதான். ஆனால் "விவரம் தெரியாததால் ஏமாந்தான்" என்ற முடிவும் கூடவே வந்துவிடும். இசக்கியின் விசுவாசமே வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறது. எங்கள் மக்கள் விவரம் தெரியாமல் பணிந்தவர்கள் இல்லை. நிலம், கூலி, பாதை, தண்ணீர் நான்கும் எதிராளி கையில் இருக்கும்போது, என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள். சிலர் ஒதுங்கினார்கள். சிலர் விலை கொடுத்தார்கள்.

இதைச் சொல்ல உசிலம்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகியவை தனி ஊராட்சிகளாக அறிவிக்கப்பட்டன. பத்து ஆண்டுகள் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு வராது. வந்தால் மிரட்டித் திரும்பப் பெற வைப்பார்கள். ஆதிக்கச் சாதியினர் தங்கள் கைக்கு அடக்கமான ஒருவரை ஜெயிக்கவைத்து, பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா செய்ய வைத்ததும் நடந்தது. 'நந்தன்' படத்தின் கொப்புலிங்கத்துக்குப் பொம்மைத் தலைவராவது தேவைப்பட்டார். இங்கே பொம்மைகூட அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்றார்கள். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அந்த நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்து அவர்களைக் கௌரவித்தது அரசு. 2021 அக்டோபர் 2-ஆம் தேதி பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார்.

மதுரைக்கு அந்தப் பக்கம், மேலூர் வட்டத்து மேலவளவில் விலை இன்னும் பெரியது. ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் கூழ்ப்பானை இல்லை. கொல்வார்கள் என்று தெரிந்தும் மனுப் போட்டவர், தெரிந்தும் அலுவலகம் போனவர். அந்த மனிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என்ன யோசித்திருப்பார், மனைவியிடம் என்ன சொல்லியிருப்பார் என்று காட்டுகிற படத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். வெட்டுக்காயத்தைத் திரை நிறைய காட்ட வேண்டாம். அந்தத் துணிச்சலைக் காட்டினால் போதும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படம் நாடெல்லாம் பரவியது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினத்தன்று தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தியான பிறகு ஆட்சியர் வந்து, அவரையே ஏற்ற வைத்தார். இரண்டு பேருமே பெண்கள் என்பதைக் கவனியுங்கள். மாமன்னனும் ஆண், கூழ்ப்பானையும் ஆண். நிஜத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டவர், கொடிக்கயிறு மறுக்கப்பட்டவர், கையெழுத்துக்காக வாசலில் நின்றவர் எல்லோரும் பெண்கள். நம் சினிமாவில் தலித் பெண் இன்னும் மனைவியாக, அம்மாவாக, பிணமாகத்தான் வருகிறாள். தலைவராக வர எத்தனை வருடம் ஆகுமோ!

பேச்சின் நடுவே ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: "படம் பார்த்து என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்வி. படம் பார்த்து யாருக்கும் பட்டா கிடைக்காது. ஆனால் அன்று அந்த அக்கா பேசியது இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் பேசாதது. திரையில் ஒருவன் அவமானப்பட்டதைப் பார்த்த பிறகுதான் "எனக்கும்" என்று அவரால் சொல்ல முடிந்தது. அந்த வேலையை எங்கள் கருத்தரங்கு எதுவும் செய்ததில்லை. அதனால்தான் படம் நன்றாக இருக்க வேண்டும், சரியாகவும் இருக்க வேண்டும் என்று இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்.

கடைசியாகக் காரியத்துக்கு வருகிறோம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன்பின் தனி அலுவலர்கள் கையில் நிர்வாகம். அடுத்த தேர்தல் என்று வந்தாலும், தனி ஊராட்சிகளில் "யாரை நிறுத்தலாம்" என்ற பேச்சு காலனியில் தொடங்காது, பெரிய வீட்டுத் திண்ணைகளில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் நம் தெருக்களில் நாம் பேசியாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம் ஒன்று பலருக்குத் தெரியவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ தன் கடமையைச் செய்யவிடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் அந்தச் சட்டத்தின்படி குற்றம். மனுப் போடப்போகிற ஒவ்வொருவருக்கும், முக்கியமாகப் பெண்களுக்கு, இதைச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு சுவர் இருக்கும், ஒரு வேட்டி இருக்கும். 'நந்தன்' போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு, முன்னாள் தலைவர் யாராவது இருந்தால் அவரைப் பேசச் சொல்லுங்கள்.

அந்த அக்காவிடம் மறுபடி நிற்பீர்களா என்று கேட்டோம். கொஞ்ச நேரம் சுவரில் கட்டிய வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பேன். ஆனா இந்தத் தடவ தொணைத் தலைவரும் நம்ம ஆளா இருக்கணும். அதுக்கு வார்டுல மொதல்ல வேலையப் பாருங்கப்பா" என்றார்.

பார்க்க ஆரம்பித்துவிட்டோம்.