மாடுலேட்டரும் பாடபேதமும்

பழங்கணினி ஆர்வலர்களிடையே ஒரு தூய்மைவாதம் தலைதூக்கியிருக்கிறது. 1982இல் பிரிட்டனில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தின் உள்ளே ஒரு கம்பியை மாற்றினாலும் அது மூலத்தைக் கெடுத்தல் என்கிறார்கள். டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் 1986இல் உரிமம் பெற்று இந்தியாவில் வெளியிட்ட டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸுக்கும் இதே தீர்ப்புதான். பக்தி வேடமிட்ட சோம்பல் இது என்பேன்.

ஸ்பெக்ட்ரம் வரையும் படம் 256க்கு 192 புள்ளிகள், 15 வண்ணங்கள். மின்சுற்றுப் பலகையிலேயே அது வீடியோவாக முழுமை பெற்றுவிடுகிறது. அதன் பிறகு, ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும் மாடுலேட்டர் அதை வானொலி அலையில் ஏற்றி யுஎச்எஃப் 36ஆம் சானலில் அனுப்ப, தொலைக்காட்சி அந்த அலையைக் களைந்து மறுபடி வீடியோவாக்குகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வித்தைக்குக் காரணம் அழகியல் அன்று. அன்றைய வீட்டுத் தொலைக்காட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டெனா துளையைத் தவிர வேறு வாசல் இல்லை. வழியில் சேரும் இரைச்சலும் மங்கலும் ஆசிரியர் எழுதியவை அல்ல, ஏட்டில் கறையான் எழுதியவை.

செய்ய வேண்டியதோ கொஞ்சம். மாடுலேட்டருக்குச் செல்லும் மின்சாரத்தையும் வீடியோவையும் கழற்றி, வெளிச்செருகியின் நடுமுனையைப் பெட்டியின் உட்சுற்றிலிருந்து பிரித்து, வீடியோவை அதற்கே நேராகக் கொடுப்பது. இடையே ஒரு மின்தேக்கி இருந்தால் நல்லது. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் இரண்டே வண்ணங்கள் என்ற விதியால் நிறங்கள் மோதிக்கொள்வது அப்படியே இருக்கும். அது மூலம், அதைத் தொடுபவரோடு எனக்கும் சண்டைதான். 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின் வழியே நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவிலோ, எஸ்39 என்ற இணைப்பைப் பொருத்தினால் கறுப்பு வெள்ளை வீடியோ வண்ணம் பெறும். படைத்தவர்களே இடம் விட்டிருக்கிறார்கள்!

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இதற்கு ஒரு குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று கல்லில் பாட்டாகவே பொறித்துவைத்தான். நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. நம் தூய்மைவாதிகள் அன்று இருந்திருந்தால் சிதைவுக்கு வேலி போட்டிருப்பார்கள்.

ஆனால் அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் குற்றாலம் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. தம் செவியை நம்பிக் கம்பனின் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என ஒதுக்கினார், சொற்களையும் திருத்தினார். அவர் ரசனைமீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அந்தத் துணிவின்மீது இல்லை. வேறு பதிப்புகள் இருந்ததால் கம்பன் தப்பினான். உ.வே.சா.வோ தமக்குப் பிடிக்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் உயிரோடு வைத்தவர்.

மாடுலேட்டரைப் பிடுங்கி எறிந்து, உறையை அறுத்து எச்டிஎம்ஐ துளை போடுகிற வீரர்கள் ரசிகமணியின் துணிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். செவி அவர்களிடம் இல்லை. நம் நாட்டில் எஞ்சியிருக்கும் டிபி ஸ்பெக்ட்ரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒற்றை ஏட்டுச்சுவடி. அறுத்த உறைக்கு மறுபதிப்பு எங்கே? தகரப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கழற்றிய உறுப்பை ஒரு காகித உறையில் போட்டு, செய்ததை நாளோடு எழுதி, மூடிக்குள்ளேயே வையுங்கள். அந்தச் சீட்டை எழுதக்கூட நேரமில்லை என்பவர் திருப்புளியைத் தொடவே வேண்டாம்.