மாத்திரை யாருக்கு, அறிவுரை யாருக்கு?

பதினாறு வயதுப் பிள்ளைக்கு பி.பி. மாத்திரையா என்று முதலில் வீடே அதிர்ந்துபோகிறது. முதல் மாதம் அம்மாவே தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்கிறார். மூன்றாம் மாதம் பார்த்தால் அட்டையில் பாதி அப்படியே இருக்கிறது. ‘சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை’ என்று பழி பிள்ளைமேல் விழுகிறது. அந்தப் பேச்சைப் பிள்ளையிடம் யாராவது நேராகச் சொன்னார்களா?

இது எங்கோ ஒருவருக்கு வரும் நோய் அல்ல. 2016-18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பின் 2017 வழிகாட்டுதல்படி, 13 வயது முதல் 130/80ஐத் தொட்டாலே அது உயர் அழுத்தம். வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து உறுதிசெய்ய வேண்டும். தலைவலிகூட இல்லாத நிலையிலேயே இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கத் தொடங்கிவிடலாம்.

தொந்தரவு எதுவும் தெரியாதபோது தினமும் மருந்து சாப்பிடுவது பெரியவர்களுக்கே சிரமம். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் சிகிச்சையைச் சொன்னபடி பின்பற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் சொன்னது. பிள்ளைகளிடம் மட்டும் நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

வெளிநோயாளர் பிரிவில் அன்றாடம் நடப்பது இதுதான். “மாத்திரை ஒழுங்கா போடுறானா?” கேள்வி அம்மாவிடம் போகிறது. “போடுறான் சார்.” பதிலும் அம்மாவுடையது. பக்கத்தில் இருக்கும் பையன் வாய் திறப்பதே இல்லை. அந்தப் பதிலை நம்பி மருந்தின் அளவு கூடுகிறது.

அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது தம்பி?” என்று கேட்டால் கதை வேறாக இருக்கும். விடுவது சகஜம் என்று கேள்வியே ஒப்புக்கொள்வதால் உண்மை வெளியே வரும். நீர் பிரியும் மாத்திரை போட்டால் வகுப்பில் அடிக்கடி எழுந்து போக வேண்டும், கூச்சம். எனலாப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல். விடிகாலை டியூஷனுக்கு ஓடுகிறவருக்கு ‘காலை உணவுக்குப் பின்’ என்ற வேளையே கிடையாது. நேரத்தையோ மருந்தையோ மாற்றினால் தீரக்கூடியவை இவை. ஆனால், காரணம் தெரிந்தால்தானே மாற்ற முடியும்?

உணவுக்கும் இதே கதிதான். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹாஸ்டல் சாம்பாரில் விழும் உப்பு மாணவரின் கையில் இல்லை. வீட்டில் எல்லோர் தட்டிலும் அப்பளமும் ஊறுகாயும் இருக்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் மறுப்பது வைத்தியம் ஆகாது, அது தண்டனை. குறைப்பதென்றால் வீடு முழுக்கக் குறைக்க வேண்டும்.

தமிழ்நாடு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதே அக்கறை பள்ளிக்கும் வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவரின் கைக்குப் பொருந்தும் பட்டை கொண்டு அழுத்தம் பார்க்கட்டும். முடிவை முதலில் அவரிடமே சொல்லட்டும். மருத்துவர்கள் முடிந்தவரை நாளுக்கு ஒரு வேளை மாத்திரையாக எழுதட்டும். ஒவ்வொரு மருத்துவரும் ஐந்து நிமிடம் பிள்ளையோடு தனியே பேசட்டும். இவ்வளவும் செய்த பிறகும் அட்டை பாதியிலேயே நின்றால், அப்போது பிள்ளையைக் கேட்கலாம்.