இரண்டு அங்குல உயரம்

கதை எழுதுகிறவனுக்கு ஸ்பிரிங்கும் டயரும் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நடுத்தரக் குடும்பம் எதில் பணத்தைக் கொட்டுகிறதோ, எதைக் காட்டி அடுத்த வீட்டுக்காரனை அண்ணாந்து பார்க்க வைக்க நினைக்கிறதோ, அதெல்லாம் கதாசிரியனுடைய விஷயந்தான். ஒரு காலத்தில் அது கல்யாணப் பந்தலாக இருந்தது. பிறகு மாடி வீடாயிற்று. இப்போது ஜீப்பாகியிருக்கிறது.

ஜீப் என்று பொதுவாகச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று 'தார்' வண்டிகள் நிற்கின்றன. மகிந்திரா கம்பெனி 2010இல் முதலில் விற்று, 2020இல் புது உருவத்தில் கொண்டுவந்த வண்டி அது. நல்ல வண்டி. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கம்பெனிக்காரன் கொடுத்தபடியே அதை ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை. வண்டி வந்த மாதமே அதை ஒரு கடைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கடைக்காரர் 'லிஃப்ட் கிட்' என்று சொல்லி, நீளமான ஸ்பிரிங்கையோ அல்லது இருக்கிற ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வட்டக் கட்டையையோ வைத்து, வண்டியை இரண்டு அங்குலம் தூக்குகிறார். தூக்கிய இடம் காலியாகத் தெரிகிறது. அதை நிரப்பப் பெரிய டயர் வேண்டியிருக்கிறது. அந்த டயரும் சேற்றுக்கென்றே செய்த, விரல் நீளப் பட்டன் வைத்த டயர். அந்தச் சேறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எப்பவாவது மலைக்குப் போவோம் மாமா" என்கிறான் என் அக்காள் மகன். அவன் தினமும் போவது வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்கு.

என் கட்சியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ஆபீசுக்கும், என்றைக்கோ ஒரு சனிக்கிழமை மலைக்கும் போகிற வண்டிக்கு டயரை யோசித்து வாங்குங்கள், ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

முதலில் இந்த உயரம் என்பது எந்த உயரம் என்று பார்க்கலாம். தாரின் பின்பக்கத்தில் குனிந்து பாருங்கள். இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற ஓர் இரும்பு அச்சு இருக்கிறது. அதன் நடுவே ஒரு சின்னக் குடம் மாதிரி தொங்குகிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். பாறையில் முதலில் மோதுவது பெரும்பாலும் அதுதான். அந்த அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து இருக்கிறது. ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் கூட்டினால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற உடம்பு உயரும். குடம் இருந்த இடத்திலேயே தொங்கும். வேட்டியை மடித்துக் கட்டினால் முழங்கால் தெரியும், ஆள் வளர்ந்துவிட மாட்டான்.

அந்தக் குடத்தைத் தரையிலிருந்து தூக்குவது டயர் ஒன்றுதான். அதுவும் எவ்வளவு தூக்குகிறது? உயர்ந்த ரகத் தாரில் வருகிற டயர் 255/65 R18. பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால் அதன் விட்டம் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். ஆர்வக்காரர்கள் '33 இன்ச்' என்று பெருமையோடு சொல்கிற 285/70 R17 டயரின் விட்டம் 831. வித்தியாசம் 42 மில்லிமீட்டர். விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே குடத்துக்குக் கிடைப்பது 21. ஒரு அங்குலம் கூட இல்லை! இதற்காகத்தான் இத்தனை லட்சம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். வண்டியின் வயிறும் மூக்கும் உயர்வதால், திடீரென்று எழும்பும் மேட்டில் பம்பர் இடிக்காமல் ஏறும். மேட்டின் உச்சியில் நடுவயிறு தட்டாது. பாறை மேல் ஊர்ந்து போவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு அது உபயோகம். கோவாவில் 2014 முதல் நடக்கிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்கு வண்டி கட்டுகிறவர்களிடம் நான் வாதம் பண்ண மாட்டேன். அவர்களுக்கு அது தொழில் அல்லது தவம். முன்பக்கம் கனமான இரும்பு பம்பரும் வின்சும் மாட்டி ஸ்பிரிங் அமுங்கிப்போனவர்கள், பழைய உயரத்துக்கு மீள்வதற்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போடுவதும் நியாயமே. ஆனால் கம்பெனி கொடுத்த தாருக்கே தரையிடைவெளி 226 மில்லிமீட்டர் இருக்கிறது. சிறுசேரி ரோட்டில் அதைத் தாண்டி எந்தக் கல் நிற்கிறது?

இந்த இரண்டு அங்குலத்துக்கு விலை வேறு இடத்தில் எழுதப்படுகிறது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திருப்பத்தில் உட்கார்ந்திருப்பவன் சாய்கிறான், நிற்பவன் விழுகிறான். கனம் மேலே போகப் போகக் கவிழ்வது சுலபம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு போகிறவன், கூரை மேல் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு, தூக்கிய வண்டியில் அந்த 70 வளைவும் இறங்கி வருவதை நினைத்தால் எனக்குச் சாகசமாகத் தோன்றவில்லை.

இன்னும் இருக்கிறது. தாரின் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்குகிறவை. எஞ்சினின் சக்தியை அவற்றுக்குக் கொண்டுபோகிற தண்டுகள், கம்பெனி நினைத்த கோணத்தில்தான் நிம்மதியாகச் சுழலும். உடம்பைத் தூக்கினால் தண்டு சரிந்து நிற்கிறது. மூட்டுகள் சீக்கிரம் தேய்கின்றன, மூட்டை மூடிய ரப்பர் உறை கிழிகிறது. ஸ்பிரிங் தலையில் கட்டை வைத்த வண்டியில் சக்கரம் கீழே இறங்குவதற்கு மிச்சமிருக்கும் தூரமும் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி மண்ணைத் தொட்டால்தானே பிடிப்பு? மலைக்காகச் செய்த வேலை மலையிலேயே காலை வாருகிறது. ராத்திரியிலோ, முன்விளக்கு எதிரே ஸ்கூட்டரில் வருகிறவன் கண்ணைக் குத்துகிறது. அதைத் தாழ்த்தி வைக்கச் சொல்லி எந்தக் கடையும் வாடிக்கையாளரை வற்புறுத்தி நான் பார்த்ததில்லை.

மலையில் நிஜமாகவே தினசரி வண்டி ஓட்டுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டால் கொழுக்குமலைக்குப் போங்கள். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் பாதை மட்டும் கேரளப் பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. பாதை என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. கற்களை யாரோ கோபத்தில் வாரி எறிந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். விடியுமுன் அங்கே வரிசையாக ஏறுகிற வண்டிகளில் நான் பார்த்தவை பழைய மகிந்திரா ஜீப்புகள். பட்டை ஸ்பிரிங், ஒல்லியான டயர், சாதாரண உயரம். என்னை ஏற்றிக்கொண்டு போன டிரைவரிடம், "உயரம் ஏற்றவில்லையா?" என்று கேட்டேன். அவர் என் வேட்டியையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "ஏத்தினா அந்தாண்ட பள்ளத்துல நாமதான் சார் எறங்கணும்" என்றார். பிறகு முதல் கியரில், கல்லைத் தேர்ந்து தேர்ந்து, சக்கரத்தை அதன் தலை மேல் வைத்து, பூனை மதில் மேல் நடக்கிற மாதிரி ஏறினார். இரண்டாம் உலக யுத்தத்தில் வில்லிஸ் ஜீப்புக்கு இருந்த டயரின் அகலமே 6 அங்குலந்தான். அந்த வண்டியின் கனமும் குறைவு, இன்றைய வண்டியோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பது வாஸ்தவம். ஆனாலும் அகலமும் உயரமும் இல்லாமல் காட்டுப் பாதையில் பிழைக்கவே முடியாது என்று கடைகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குச் சூரியநெல்லியில் தினமும் காலையில் பதில் சொல்கிறார்கள்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் உண்மையில் யோசிக்க வேண்டிய விஷயம். ரோட்டுக்கென்று ஒரு ஜாதி, சேற்றுக்கென்று, எம்.டி. என்கிறார்களே, அது ஒரு ஜாதி. இரண்டுக்கும் நடுவே ஏ.டி. என்று ஒன்று. எம்.டி. டயரில் பட்டன்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. சேறு அதில் அப்பிக்கொள்ளாமல் உதறிப் போவதற்காக அப்படி. சேற்றில் அது ராஜா. ஆனால் தார் ரோட்டில் அந்த இடைவெளி ஒவ்வொன்றும், தரையைத் தொடாத ரப்பர். ஐப்பசி மழையில் பழைய மகாபலிபுரம் ரோடு கண்ணாடியாய் மின்னுகிறபோது, முன்னால் ஒரு பையன் சைக்கிளோடு குறுக்கே வந்தால், வண்டியை நிறுத்துவது உள்ளங்கை அளவு நான்கு ரப்பர்த் துண்டுகள். அதிலும் பாதியைக் காலி இடமாக வெட்டி எறிந்துவிட்டு, மேலே கனத்தையும் கூட்டிவைத்தால் வண்டி எங்கே நிற்கும்? பையன் நின்ற இடத்தைத் தாண்டி நிற்கும். என் கோபத்துக்கெல்லாம் இதுதான் மூலம். ஓட்டுகிறவன் உள்ளே ஏழடி உயரத்துக்குத் தன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உயர்ந்துவிட்ட மூக்குக்கு முன்னால் நிற்கிற குழந்தை அவனுக்குத் தெரிவதே இல்லை.

கனத்த டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்கின்றன, பெட்ரோல் போகிறது. விட்டம் 5 சதவிகிதத்துக்கு மேல் கூடியதால் வேகமானியும் பொய் சொல்கிறது. முள் 80 காட்டும்போது வண்டி 84இல் ஓடும். சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாவு மில்லுக்குள் உட்கார்ந்து திருச்சி வரை போகிற சுகம்.

ஆகவே ஏ.டி. போதும், அதுவும் கம்பெனி அளவிலேயே. பள்ளம் மேட்டுக்கு மெத்தென்று இருக்க வேண்டுமானால் ரிம்மைச் சிறிதாக்கி டயரின் கன்னத்தை உயர்த்துவதுதான் வழி. இதே தாரின் எளிய ரகத்துக்கு 2020இல் 245/75 R16 டயர்தான் கொடுத்தார்கள். அதன் கன்னம் 18 மில்லிமீட்டர் அதிக உயரம். கல்லில் அடிபட்டால் தாங்குகிறது, ரிம் நெளிவது குறைவு. ஆனால் பார்க்கப் பகட்டாக இல்லை. ஜனங்கள் 18க்கும் 20க்கும் ஓடுகிறார்கள்!

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடைக்காரருக்கு அதில் லாபமில்லை. மணலிலும் சேற்றிலும் சாதாரணமாக 30 சொச்சம் இருக்கிற காற்றை 18, 20 என்று இறக்கிவிட்டால் டயர் நீளவாக்கில் பரந்து, தரையை அணைத்துக்கொள்கிறது. மண் தாங்குகிற பரப்பு கூடுகிறது, சக்கரம் புதைவதில்லை. காற்று அளக்கிற கருவி ஒன்று, பேட்டரியில் ஓடுகிற சின்ன கம்ப்ரஸர் ஒன்று: லிஃப்ட் கிட் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. திரும்பி ரோட்டுக்கு வந்ததும் கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டையில் போட்டபடி நிரப்பிவிட வேண்டும்; குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும்.

"சென்னை வெள்ளத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊரில் இது வெறும் சாக்கு அல்ல. கம்பெனி தாருக்குச் சொல்கிற நீர் ஆழம் 650 மில்லிமீட்டர், அதாவது முழங்காலைத் தாண்டிய தண்ணீர். அதற்கு மேல் இரண்டு அங்குலம் கிடைத்துவிட்டதென்று தைரியமாக இறங்குகிறவர்கள், நிற்கிற தண்ணீருக்கும் ஓடுகிற தண்ணீருக்கும் உள்ள பேதத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் ஜீப் வகை வண்டியையும் அடித்துப் போகும் என்று அமெரிக்க தேசிய வானிலைத் துறை எச்சரிக்கிறது. காற்றடைத்த பெரிய டயர் அங்கே மிதவை. தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கிற சாக்கடை மூடியோ, லிஃப்ட் கிட்டுக்கு மரியாதை கொடுக்காது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. அதே வருஷம் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். என் அக்காள் மகன் போன கடையில், "எல்லாரும் பண்றாங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்களாம். போலீஸ்காரர் கேட்காமல் விடலாம். விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருகிறவர் கேட்பார்; அவருக்குக் கேட்பதே உத்தியோகம்.

"எல்லாம் சரி மாமா, ஆனா கெத்து வேணாமா?" என்றான் அவன். புதுசாக வந்த இந்த வார்த்தைக்கு அகராதியில் அர்த்தம் தேட நான் முயலவில்லை. அவனுடைய அம்மாவுக்கு எழுபது வயது, மூட்டு வலி. தூக்காத வண்டியிலேயே ஒரு கையால் புடவையையும் ஒரு கையால் கதவுக் கம்பியையும் பிடித்துக்கொண்டு, முருகா என்று சொல்லித்தான் ஏறுகிறாள். இன்னும் இரண்டு அங்குலம் ஏற்றினால் கபாலீஸ்வரர் கோயிலுக்கு ஆட்டோவில்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். தர்க்கத்தை விட அது நன்றாக வேலை செய்தது. ஸ்பிரிங்கை விட்டுவிட்டான். ஏ.டி. டயர் வாங்கக் கிளம்பியிருக்கிறான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கடைக்காரர் நான்கு டயருக்குத்தான் விலை சொல்வார். பின் கதவில் தொங்குகிற ஐந்தாவதையும் சேர்த்துக் கேளுங்கள். நான்கு சக்கர ஓட்டத்தில் போகிற வண்டியில் மூன்று டயர் ஒரு விட்டமும் ஒன்று வேறு விட்டமுமாக மாட்டினால் கியர்ப் பெட்டிகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அது தெரியவருவது, மலை மேல் பஞ்சரான ராத்திரியில்.