வாழவந்தியில் காத்திருந்தவர்கள்



ஆண்டில் பாதி கடந்துவிட்டது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நீங்கள் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இப்போது எங்கே இருக்கிறது? காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பீர்கள், அல்லது வேதாகமத்துக்குள் வைத்திருப்பீர்கள். ஜனவரியில் நமக்கு வரும் கடிதங்களில் நன்றி நிறைந்திருக்கும். இந்த மாதங்களில் வருபவற்றில் ஒரு தயக்கம் தெரிகிறது. மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, வழக்கு முடியவில்லை, வசனம் மட்டும் சுவரில் அப்படியே இருக்கிறது என்று எழுதுகிறார்கள். எழுதும்போதே, இப்படிக் கேட்பது அவிசுவாசமோ என்றும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். சங்கீதக்காரனும் எத்தனையோ முறை இதையேதான் கேட்டான்.

நம் வீடுகளில் அதிகமாகக் காணப்படும் அட்டைகளில் ஒன்று எரேமியா 29:11. தேவன் நம்மைக்குறித்து வைத்திருக்கும் சமாதானமான நினைவுகளைப் பற்றியது. ஆனால் அதற்கு முந்தின வசனம் அட்டையில் அச்சாவதில்லை. எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன் என்று அங்கே இருக்கிறது. எரேமியா இதை எருசலேமிலிருந்து பாபிலோனில் இருந்த சிறைக்கைதிகளுக்குக் கடிதமாக அனுப்பினார். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் சொந்த மண்ணை மறுபடி பார்த்திருக்க முடியாது. அவர்களுக்கும் அது வாக்குத்தத்தம்தான். அதே கடிதம் அவர்களை வீடு கட்டச் சொல்கிறது, தோட்டம் போடச் சொல்கிறது, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யச் சொல்கிறது, தங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்துக்காகவே ஜெபிக்கவும் சொல்கிறது.

பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் மல்லியும் வாங்கப் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அந்த மலையின்மேல் வாழவந்தி என்ற ஊரில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இருவருடைய மரணத்துக்கும் இடையே 45 ஆண்டுகள். எரேமியாவின் கடிதத்தை வாழ்ந்து காட்டியவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907ல் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி. கட்டடத் தொழில் தெரிந்தவர், ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். 1913ல் எவ்லின் ஹாரிசை மணந்தார். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிற மலைக்கு அன்று சாலை கிடையாது. மழையில் நனைந்தபடி புதுமணப்பெண் மேலே வந்து சேர்ந்தார். கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை என ஐந்து மலைத்தொடர்களுக்கும் சுவிசேஷத்தைக் கொண்டுபோவோம் என்று இருவரும் பொருத்தனை செய்துகொண்டார்கள்.

ஆண்டுகள் ஓடின. வைத்தியத்துக்கு ஜனங்கள் வந்தார்கள், ஆராதனைக்கு யாரும் வரவில்லை. ஊர்ப் பூசாரியும் எதிர்த்தார். முதல் உலகப்போருக்குப் பின் விஷக்காய்ச்சல் பரவியபோது அந்தப் பூசாரியே படுத்துவிட்டார். சொந்த ஜனங்கள் பயந்து விலகினார்கள். கஞ்சி எடுத்துக்கொண்டு போனவர்கள் பிராண்ட் தம்பதிதான். சாகும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சபை என்று ஒன்று அங்கே துளிர்த்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் நாம் எளிதாகச் சாட்சி சொல்லிவிடலாம். ஆனால் 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். ஐந்து மலைகளில் ஒன்றுதான் ஆகியிருந்தது. மகன் பவுலும் மகள் கோனியும் படிப்புக்காக 1923லிருந்து இங்கிலாந்தில் இருந்தார்கள். அப்பா இறந்துவிட்டார் என்ற தந்தி முதலில் வந்தது. உயிரோடிருந்தபோது அவர் மகனுக்கு எழுதிய கடிதம் கப்பலில் பின்னால் வந்து சேர்ந்தது. அந்தப் பிரிவை லேசாகச் சொல்லிக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. விசுவாசிகளின் வீட்டில் கண்ணீர் இராது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

ஐம்பது வயது விதவை எவ்லின் இங்கிலாந்து போய்விட்டு மறுபடி இந்தியாவுக்கு வந்தார். மலைக்குப் போக விரும்பினார், மிஷன் சமவெளியில் வேலை கொடுத்தது. 1947ல், 68 வயதில், வயதாகிவிட்டது என்று ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வுபெற்றவரை யார் தடுக்க முடியும்? நேரே கொல்லிமலைக்கு ஏறினார். குதிரைமேல் ஊர் ஊராய்ப் போனார். விழுந்து எலும்பு முறிந்தது, மறுபடி ஏறினார். கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் சொல்லி ஜனங்களை நரம்புச்சிலந்தி நோயிலிருந்து மீட்டார். பொருத்தனை செய்த ஐந்து மலைத்தொடர்களிலும் ஊழியம் நடப்பதைக் கண்ட பிறகே, 1974 டிசம்பரில், 95 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மகன் பவுல் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தியதை உலகம் அறியும். அதில் எதையும் ஜெஸ்ஸி பார்க்கவில்லை.

எபிரெயர் 11ஆம் அதிகாரம், வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளைத் தூரத்திலே கண்டு மகிழ்ந்து, கையில் பெறாமலே மரித்தவர்களையும் விசுவாச வீரர்கள் வரிசையில் வைக்கிறது. ஜெஸ்ஸியின் பெயரை நான் அங்கேதான் வைத்துப் பார்க்கிறேன். தேவன் அவரிடம் வாக்குத் தவறவில்லை. அவர் வாழ்நாளைவிட அந்த வாக்கு நீளமாக இருந்தது, அவ்வளவுதான். விசுவாசம் என்றால் சந்தேகமே எழாத மனம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். கொல்லிமலையில் அது பெரும்பாலும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதாகவும் குழந்தை வளர்ப்பதாகவும் கிணற்றுக்குச் சுவர் வைப்பதாகவும்தான் இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பத்திரிகையின் சாட்சிப் பக்கத்தில் இதுவரை ஜெபம் கேட்கப்பட்டவர்கள் மட்டுமே எழுதி வந்திருக்கிறார்கள். இனி காத்திருப்பவர்களும் எழுதுங்கள். என்ன வசனத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள், எத்தனை வருஷமாக, இதற்கிடையில் கர்த்தர் உங்கள் கையில் என்ன வேலை கொடுத்திருக்கிறார் என்று எழுதுங்கள். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். அடுத்த இதழிலிருந்து அந்தக் கடிதங்களுக்கும் இடம் உண்டு. ஒவ்வொன்றுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்போம்.

கர்த்தருக்குள் உங்கள்
ஆசிரியர்