மகிழ்ச்சியும் பழக்கமும்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளன்று விடுதி முற்றத்தில் சிறிது நேரம் நின்று நோக்குவார் வாழ்க்கையின் ஓர் உண்மையை எளிதில் உணரலாம். எண்பது விழுக்காடு பெற்ற மாணவன் ஒருவன் முகம் வாடி நிற்கின்றான். அவன் அறைத்தோழன் தொண்ணூறு பெற்றதே காரணம். ஐம்பது பெற்ற பிறிதொருவனோ, தந்தைக்குக் கைப்பேசியில் செய்தியைக் கூறிவிட்டு நண்பர்க்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கின்றான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் அவனே முதல்வன். மதிப்பெண்ணே மகிழ்ச்சியாயின் முன்னவனன்றோ மகிழ்தல் வேண்டும்? அங்ஙனம் நிகழாமையின், மகிழ்ச்சி நாம் பெறும் பொருளில் மட்டும் இல்லை என்பதும், அதனை நோக்கும் நோக்கிலும் உளது என்பதும் தெளிவாம்.

இக்காலத்தில், "மகிழ்ச்சியைத் தேர்ந்துகொள்" என்னும் அறிவுரை எங்கும் மலிந்து கிடக்கின்றது. அங்காடிச் சுவரிலும் அது தொங்குகின்றது. கைப்பேசியைத் திறந்தாலும் காலை வணக்கத்தோடு அதுவே வந்து நிற்கின்றது. இவ்வுரை முழுதும் பொய்யன்று. ஆயினும் முழுதும் மெய்யுமன்று. சந்தையில் கத்தரிக்காயைப் பொறுக்கியெடுப்பதுபோல் மகிழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தல் எவர்க்கும் இயலாது. துயிலை எடுத்துக்கொள்வோம். இப்பொழுதே வா என்று அதற்கு ஆணையிடுவார்க்கு அது வாராது. விளக்கை அணைத்துப் பாயை விரித்து, உடலைக் கிடத்தி, நினைவை அடக்கினார்க்கு அஃது அழையாமலே வந்தெய்தும். மகிழ்ச்சியும் அத்தன்மைத்தே. அதனை நாம் நேரே தேர்ந்துகொள்ள இயலாது. அது வந்து தங்குதற்குரிய பழக்கங்களைத் தேர்ந்துகொள்ள இயலும். இவ்வேறுபாட்டை மாணவ நண்பர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் விலக்கத்தக்கது, மகிழ்ச்சியை நாளைக்கென ஒத்திவைக்கும் பழக்கம். பள்ளியிற் பயிலுங்கால், கல்லூரியில் இடங்கிடைத்தபின் மகிழ்வோம் என்கின்றோம். கல்லூரியிலோ பட்டம் பெற்றபின் என்கின்றோம். பட்டத்தின்பின் வேலை, வேலையின்பின் வீடு, வீட்டின்பின் மக்கள் திருமணம் என அவ்வெல்லை தொடுவானம்போல் விலகிச் சென்றுகொண்டேயிருக்கின்றது. அமெரிக்க நாட்டு உளநூலறிஞர் மூவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. பரிசுச்சீட்டில் பெருந்தொகை பெற்றோர் 22 பேரையும், அப்பேறு வாய்க்காத அப்பகுதியினர் 22 பேரையும் அவர்கள் வினாவி ஒப்புநோக்கினர். பரிசு பெற்றோர் மற்றவரினும் மிக்க மகிழ்ச்சியுடையராய்க் காணப்படவில்லை. அன்றியும், நண்பரோடு உரையாடல், காலையுணவு உண்ணல், நகைச்சுவை கேட்டல் போன்ற சிறு நிகழ்ச்சிகளில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர் பெற்றதனினும் குறைந்தேயிருந்தது. ஆராயப்பட்டோர் சிலரே; ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் வேண்டா. எனினும், பெரும்பேறு ஒன்றையே எதிர்நோக்கி இன்றைய சிறு மகிழ்ச்சிகளைக் கைவிடுவார் இரண்டனையும் இழத்தல் கூடும் என்பதற்கு இஃதொரு குறிப்பாகும்.

குறிக்கோளே வேண்டா என்பது எம் கருத்தன்று. குறிக்கோள் வேண்டும், அது கைகூடும் நாளோடு நம் மகிழ்ச்சி முழுவதையும் பிணைத்துவிடலாகாது என்பதே எம் கருத்து. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்பாரின் வரலாறு இதனைக் காட்டும். மூன்றாம் வயதிலேயே கிரேக்க மொழி பயிலத் தொடங்கிய அவர், உலகைச் சீர்திருத்துதலே தம் வாழ்வின் பயனெனக் கொண்டு, அந்நோக்கத்தோடே தம் மகிழ்ச்சியையும் பிணைத்து வளர்ந்தார். 1826-ஆம் ஆண்டில், தமது இருபதாம் வயதில், தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் அக்கணமே நிறைவேறிவிடின் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமோ எனத் தம்மைத்தாமே வினாவினார். உண்டாகாது என்றே உள்ளம் விடை பகர்ந்தது. அதுமுதல் பல திங்கள் அவர் மனவிருளில் உழன்றார்; பின்னாளில் வேர்ட்ஸ்வொர்த்தின் பாடல்கள் அவருக்கு மருந்தாயின. அவர் மறைந்த 1873-ஆம் ஆண்டில் வெளிவந்த தன்வரலாற்றில், தம் மகிழ்ச்சியையன்றிப் பிறர் நலத்திலோ ஒரு கலையிலோ மனத்தைச் செலுத்துவோரே மகிழ்ச்சியை வழியிடையில் எய்துவர் என்னும் முடிபை எழுதிவைத்துள்ளார். நம் ஆடுகளத்திலும் இதனைக் காணலாம். பந்தின்மேல் கண்வைத்தவனே ஆட்டத்தின் இன்பத்தை நுகர்கின்றான். தான் இன்புறுகின்றோமா என இடையிடையே தன்னைச் சோதிப்பவன் பந்தையும் இழக்கின்றான், இன்பத்தையும் இழக்கின்றான்.

இரண்டாவதாக விலக்கத்தக்கது, பிறரோடு தம்மை ஓயாது ஒப்பிடும் பழக்கம். அழுக்காறு புதிய நோயன்று. அதனை விலக்குதற்கென்றே திருவள்ளுவர் 17-ஆம் அதிகாரத்தை வகுத்தார். ஆனால் அந்நோய்க்கு இக்காலத்தில் புதியதொரு வாயில் திறந்துள்ளது. முன்னோர் அண்டை வீட்டான் செல்வத்தை மட்டுமே கண்டு பொருமினர். நாமோ படுக்கையிற் கிடந்தபடியே ஆயிரம் பேரின் திருவிழாக்களைக் கைப்பேசியிற் காண்கின்றோம். அவர்கள் தம் வாழ்வின் நல்ல நாளைப் படமெடுத்து அனுப்புகின்றனர். கடன் கேட்டு நின்ற நாளையும், தாயொடு சினந்து உண்ணாது கிடந்த இரவையும் அனுப்புவார் அரியர். பிறர் வீட்டு முகப்பை நம் வீட்டுக் கொல்லைப்புறத்தோடு ஒப்பிட்டு வருந்துதல் எத்துணைப் பேதைமை! இரவில் கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் ஒன்றே நம் துயிலுக்கும் மன அமைதிக்கும் பெரிதும் துணைசெய்யும். பிறர்க்கு உரைக்குமுன் யாம் இதனை எம்மிடத்தே சோதித்தோம். முதல் மூன்று இரவுகள் கை தானே அதனைத் தேடிற்று என்பதையும் ஒளிக்காது கூறுகின்றோம்.

இனி, கொள்ளத்தக்க பழக்கங்களைக் கூறுவோம். அவற்றுள் தலையாயது நன்றியறிதல். வள்ளுவர் இனியவை கூறலை 10-ஆம் அதிகாரமாகவும் செய்ந்நன்றியறிதலை 11-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தமை சிந்திக்கத்தக்கது. நன்றியுடைய நெஞ்சில் இன்சொல் தானே பிறக்குமன்றோ? 2003-ஆம் ஆண்டில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவருள் ஒரு சாரார் தாம் நன்றி பாராட்டத்தக்கவற்றை வாரந்தோறும் ஐந்துவரை பத்து வாரங்கள் எழுதிவந்தனர். மற்றொரு சாரார் தமக்கு நேர்ந்த தொல்லைகளை எழுதினர். முன்னவர் தம் வாழ்வைக் குறித்துப் பின்னவரினும் நிறைவாக உணர்ந்தனர். ஆனால் ஏட்டில் எழுதுதலோடு இப்பழக்கம் நின்றுவிடலாகாது. விடியுமுன் எழுந்து நமக்காக இட்டிலி அவிக்கும் சமையற்காரர் பெயரை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? வகுப்பறையை நாள்தோறும் பெருக்கும் அம்மையாரிடம் எத்துணைப் பேர் ஒரு சொல் பேசியுள்ளோம்? அவர்தம் பெயரை அறிந்து அதனால் அவரை அழைத்தலே நன்றியறிதலின் அரிச்சுவடி.

அடுத்தது நட்பினைப் பேணும் பழக்கம். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் 1938-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பெற்றது. அங்குப் பயின்ற மாணவர் 268 பேரின் வாழ்க்கையும், பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த சிறுவர் 456 பேரின் வாழ்க்கையும் முதுமைவரை தொடர்ந்து ஆராயப்பட்டன. அவர்தம் மக்களும் பின்னர் அவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்பெற்றனர். எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வாராய்ச்சியால் தெளிவான முடிபு, செல்வத்தினும் புகழினும் நல்லுறவுகளே மனிதரை மகிழ்வோடும் உடல்நலத்தோடும் வாழச்செய்கின்றன என்பதாம். நம் பழைய மாணவர்கள் இதனைப் படிக்குங்கால், தம்மோடு ஓரறையில் உறங்கி ஒரு விளக்கிற் படித்த தோழருள் ஒருவரையேனும் நினைத்து, அன்று மாலையே அவரோடு பேசுவாராயின் இக்கட்டுரை எழுதிய பயனை யாம் பெற்றோமாவோம். திருமண அழைப்பும் இரங்கற் செய்தியும் வரும்வரை காத்திருத்தல் நட்பாகாது.

இவை யாவரும் அறிந்தனவே. அறிந்தும் செய்யாமையே நம் குறை. வில்லியம் ஜேம்ஸ் என்னும் உளநூலறிஞர் 1890-இல் வெளியிட்ட பெருநூலில் பழக்கத்தைப் பற்றி ஓர் அதிகாரம் எழுதினார். புதுப்பழக்கத்தை உறுதியோடு தொடங்குக; அது வேரூன்றும்வரை ஒருமுறையும் தவறவிடாதொழிக என்பது அவர் கூறும் நெறி. சுற்றிக்கொண்டிருக்கும் நூற்கண்டு ஒருமுறை கைநழுவினும் பல சுற்றுக்கள் அவிழ்ந்துபோம் என அதற்கோர் உவமையும் காட்டினார். ஆதலின் பத்துப் பழக்கங்களை ஒருநாளில் மேற்கொண்டு பத்தாம் நாள் கைவிடுதலினும், மாலையில் அரைமணி நேரம் நடத்தல் போன்ற ஒன்றைப் பற்றி நிற்றலே சிறப்பு.

நிற்க. இவையெல்லாம் வயிறு நிறைந்தார்க்கே பொருந்தும் என ஒருவர் மறுத்தல் கூடும். அவர்க்கு வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் வாழ்வைக் காட்டுவோம். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய அப்பெரியார், 1908-இல் சிறை புகுந்தார். கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தார். அச்சிறைவாழ்வினிடையே, எண்ணமே வாழ்வை ஆக்கும் எனக்கூறும் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். பின்னாளில், தாம் இழந்திருந்த வழக்கறிஞர் உரிமையை மீண்டும் பெற உதவிய வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியை நினைந்து, தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில அரசால் அத்துணைத் துன்புற்றவர், ஓர் ஆங்கிலேயர் செய்த நன்றியை மறந்திலர். வெறுப்புக்கு இடங்கொடாத நெஞ்சம் எத்தகையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் அவர் வாழ்வே மற்றோர் உண்மையையும் நமக்கு உணர்த்துகின்றது. அவர்தம் கம்பெனி வீழ்ந்தது அவர் எண்ணத்தின் குறையாலன்று. எதிர்த்த ஆங்கிலேயக் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அரசின் அடக்குமுறையுமே காரணங்களாம். விடுதலைக்குப்பின் அவரை வாட்டிய வறுமையும் அவர் மனம் விளைத்ததன்று. ஆகவே, மனம்போல வாழ்வு என்பது ஒரு பாதி உண்மையே. பவுல் அப்போஸ்தலர் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், எந்நிலையிலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றார். கற்றுக்கொண்டது என்றமையால் அது பிறவியில் வந்ததன்று என்பது பெறப்படும். அதே நிருபத்தில், தம் துன்பத்தில் பங்குகொண்டு உதவிய பிலிப்பியரைப் பாராட்டவும் அவர் தவறவில்லை. மனநிறைவு நமக்கு நாமே கற்பித்துக்கொள்ளும் பாடம். பிறன் பசிக்கு நாம் கூறும் விடையன்று. கட்டணம் செலுத்த வழியின்றி நிற்கும் மாணவனிடம் மகிழ்ச்சியாயிரு என்பது அறிவுரையாகாது, கொடுமையாகும். அவன் கட்டணத்திற்கு வழிகாண்பதே அவனுக்குரிய விடை.

உள்ளம் நோயுற்றார்க்கும் இஃது ஒக்கும். நாள்பல துயிலின்றி, உணவில் விருப்பின்றி, வாழ்வே வெறுத்துக் கிடப்பவனை ஊக்கமற்றவன் என இகழ்தல் தகாது. முறிந்த காலுக்கு மருத்துவர் வேண்டியவாறே சோர்ந்த உள்ளத்திற்கும் மருத்துவர் வேண்டும். இந்திய அரசு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. உதவி நாடுதல் நாணத்தக்கதன்று. நண்பனைத் தனியே விட்டுவிடுதலே நாணத்தக்கது.

முடிவாக ஒன்று. புதிய கல்வியாண்டு தொடங்கும்பொழுது நம் உணவுக்கூடத்தின் மூலையில் முதலாண்டு மாணவன் ஒருவன் தட்டையே நோக்கியவண்ணம் தனியே அமர்ந்திருப்பான். தாய் கட்டிக்கொடுத்த ஊறுகாயை எவரோடு பகிர்வது என்று அவன் அறியான். நீவிர் உம் தட்டை எடுத்துச்சென்று அவனெதிரே அமர்ந்து, "தம்பி, எந்த ஊர்?" என்று வினவுமின். அவ்வொரு வினாவிலே, நன்றியும் நட்பும், தன்னை மறந்து பிறனை நினைத்தலும், யாம் இதுகாறும் கூறியன யாவும் அடங்கியுள்ளன. அவன் முகம் மலர்வதைக் காண்பீர். அப்பொழுது உம் முகமும் மலர்ந்திருத்தலை அவன் காண்பான்.