குதிரை பெரிது, கடிவாளம் சிறிது

காரைக்குடிப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று தரம் பிரித்துத்தான் அங்கே வண்டி விடுவார்கள். சின்ன மாட்டுப் பந்தயத்துக்கு ஒருவர் பெரிய மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றால், "ஆகா, என்ன வேகம்!" என்று யாரும் மெச்சமாட்டார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சண்டைக்குத்தான் வருவார்கள். மாட்டுக்குத் தக்க வண்டி, வண்டிக்குத் தக்க மாடு என்பது அவர்களுக்கு யாரும் புத்தகத்தில் எழுதிக் கொடுத்ததல்ல. இந்த நிதானம், நாலு சக்கரமும் நாலு எழுத்துப் படிப்பும் வந்தவுடன் நம் பிள்ளைகளை விட்டு எங்கேதான் போய்விடுகிறதோ!

சின்னக் காரிலே பெரிய எஞ்சினை ஏற்றும் மோகத்தைத்தான் சொல்கிறேன். மாருதி 800 என்ற காரை வாசகர்கள் அறிவார்கள். 1983-இல் வந்து, 2014-இல் தயாரிப்பு நின்றுபோன கார். நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் முதல் கார். மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், மொத்த எடை ஏறக்குறைய 650 கிலோ. இந்தச் சாது வண்டியின் எஞ்சினை இறக்கி வைத்துவிட்டு, எஸ்டீம் காரின் நான்கு சிலிண்டர், 1298 சி.சி. எஞ்சினை அதன் வயிற்றில் திணிக்கிறார்கள். மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, வயரிங்கை மாற்றி, பானெட்டை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பசுத்தோல் போர்த்திய புலி!

"ஐயா, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதுகு அப்படியே சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்" என்று ஒரு தம்பி என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

"சந்தோஷம் தம்பி. பிரேக்கை மிதித்தால்?" என்று கேட்டேன்.

"பிரேக் பழையதுதான். நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா."

இந்தப் பதிலில்தான் என் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. வேகத்துக்குச் செலவழிக்கிற கை, நிறுத்துவதற்குச் செலவழிக்க வரமாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால், ஓடுகிற பொருளின் சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரை நிறுத்தும்போது பிரேக் ஒரு பங்கு சூட்டைத் தாங்குகிறது என்றால், 120-இலிருந்து நிறுத்தும்போது நான்கு பங்கைத் தாங்கவேண்டும். சூடு மிஞ்சினால் பிரேக்கின் பிடி தளரும். பெடல் இருக்கும், கால் இருக்கும், கார் மட்டும் நிற்காது.

பிரேக்கோடு போயிற்றா? பெரிய எஞ்சினின் முறுக்குவிசையைச் சின்ன கிளட்சும் கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்ன ரேடியேட்டர் அதன் சூட்டைத் தணிக்க வேண்டும். முன்பக்கம் கனம் கூடுவதால் ஸ்பிரிங் அமுங்கும். திருப்பத்தில் கார் ஓட்டுகிறவர் சொன்னபடி கேட்காது. ஓர் உறுப்பை மாற்றினால் பத்து உறுப்பு பதில் சொல்ல வேண்டிய இயந்திரம் அது. அம்பாசடர் காருக்கு ஜப்பானிய இஸுஸு எஞ்சினை வைத்தபோது, அதைத் தயாரித்தவர்களே பழைய நான்கு கியர் ஏற்பாட்டை விட்டு ஐந்து கியர் பெட்டிக்கு மாறினார்கள். அவர்களுக்கு இருந்த பயம் நமக்கு வேண்டாமா?

"வெள்ளைக்காரன் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். செய்தான், எப்படிச் செய்தான் என்பதையும் பாருங்கள். 1959-இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி கார் 848 சி.சி.யோடு வந்தது. ஜான் கூப்பர் அதைப் பந்தயக் குதிரையாக்கலாம் என்றார். 1961-இல் வந்த மினி கூப்பரில் எஞ்சின் 997 சி.சி. ஆயிற்று, கூடவே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. கடிவாளத்தையும் சேர்த்தே தைத்தார்கள். அந்த வம்சத்துக் கார்தான் 1964-இல் மாண்டி கார்லோ பந்தயத்தில் வென்றது. வெற்றியை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க் பிரேக்கைப் பார்க்காமல் போவது என்ன படிப்பு?

அயல்நாடு எதற்கு? நம் கோயம்புத்தூர் கரிவரதன் என்ன செய்தார்? அதே மாருதி 800-இன் எஞ்சினை வைத்துக்கொண்டு, ஓராள் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். சின்ன எஞ்சினைக் கேவலமாக நினைக்கவில்லை. அதற்கேற்ற கனமில்லாத வண்டியைக் கட்டினார். பந்தயத்தை ஊர்ச் சாலையில் அல்ல, பந்தயத் தடத்திலே நடத்தினார்கள். இன்று கோவையில் ஒரு பந்தயத் தடமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரு தடம் உண்டு. வேகத்தில் மெய்யான காதல் உள்ளவர்கள் அங்கே போகட்டும். நானும் வந்து கைதட்டுகிறேன்.

"என் கார், என் காசு; உமக்கென்ன?" என்பது அடுத்த கேள்வி. கார் உங்களுடையதுதான், சாலை உங்களுடையதல்லவே! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று விதித்தது. சர்க்காருக்கு வேறு வேலையில்லை என்று சிரிக்கலாம். ஆனால் விபத்து நடந்து நஷ்டஈட்டு வழக்கு வரும்போது, புத்தகத்தில் ஒரு எஞ்சினும் காரில் ஒரு எஞ்சினும் இருந்தால், இன்ஷூரன்ஸ்காரருக்கு வாதாட இடம் கிடைக்கிறது. அடிபட்டவன் குடும்பம் அல்லவா அந்த வாதத்தின் நடுவே நசுங்குகிறது!

நியாயமான குறை ஒன்று உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் சின்னக் கார் மேட்டில் திணறத்தான் செய்யும். புதிய கார் வாங்க எல்லோராலும் முடியாது. அதற்கு நல்ல மெக்கானிக் இருக்கிறார். தேய்ந்த எஞ்சினை இறக்கிச் சரிபார்க்கட்டும். பயனில்லாமல் போனால் அதே ரக எஞ்சினை முறைப்படி அனுமதி வாங்கி மாற்றலாம். அல்லது, எஞ்சினுக்கும் கூலிக்கும் ஆகும் பணத்தோடு பழைய காரை விற்ற பணத்தையும் சேர்த்து, கொஞ்சம் பெரிய பழைய காரை வாங்கலாம். தேவைக்கு வழி இருக்கிறது, வீம்புக்குத்தான் வழியில்லை.

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி நடந்தே போகிறது. ஆச்சிமார், கிழவர்கள், சிறுவர்கள், காவடியைச் சுமந்தவர்கள் எல்லோரும் சாலையோரமாக, வெறுங்காலோடு, பின்னால் வருகிற வண்டிக்காரரின் நல்ல புத்தியை நம்பி நடக்கிறார்கள். அந்தக் காரில் எத்தனை சி.சி. எஞ்சின் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய அவசியமும் இல்லை. வெளியே என்ன காரோ, உள்ளேயும் அதே கார்தான் என்று நம்புவது அவர்களுடைய உரிமை. அதைக் காப்பாற்ற முடியாதவர் எத்தனை குதிரை சக்தியைப் பூட்டினாலும், நல்ல சாரதி என்ற பெயர் அவருக்குக் கிடைக்காது.