மேல் லீக்கிற்கு ஏறினால் மட்டும் போதுமா? பேராக், பெட்டாலிங் ஜெயா அணிகள் காட்டும் பாடம்

தைப்பிங்: 2025 ஜூலையில் பேராக் எஃப்சி சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. மலேசியக் கிண்ணத்தை எட்டு முறை வென்ற மாநிலத்திற்கு 2025-26 பருவத்தில் நாட்டின் முதன்மை லீக்கில் அணியே இல்லை. தைப்பிங், கமுண்டிங் திடல்களில் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய தூரத்தில் இருந்த ஈப்போ கனவு, இப்போது வேறு மாநிலத்தைத் தேடிப் போக வேண்டிய கனவாகிவிட்டது.

இது திடலில் தோற்று வந்த முடிவல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பேராக் 2018ல் திரெங்கானுவைப் பினால்டியில் வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை வென்றது. மூன்றே ஆண்டுகளில், 2021ல், சூப்பர் லீக்கிலிருந்து தரமிறங்கியது. 2022ல் பிரிமியர் லீக்கில் ஆடியது. 2023ல் பிரிமியர் லீக் எடுக்கப்பட்டு, 14 அணிகளோடு ஒரே சூப்பர் லீக் அமைக்கப்பட்டபோது, பேராக் மீண்டும் மேலே வந்தது. அன்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் லீக் மாறியதே தவிர, அணியின் பணப்பை மாறவில்லை.

நம் சமூகத்திற்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணியாகத் தொடங்கி, ஃபாம் லீக்கிலிருந்து 2017ல் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது. 2019ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீக்கில் கால் வைத்தது. கே.தேவன், அவருக்குப் பின் பி.மணியம் பயிற்றுநர்களாக இருந்தார்கள். தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் வளர்ந்த நம் இளைஞர்கள் முதன்மை லீக்கில் ஆடுவதைப் பார்க்க முடிந்தது.

2021 பருவத்தைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அந்த ஆண்டு பெட்டாலிங் ஜெயா சிட்டி இறக்குமதி ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடியது. ‘இது கடைசியில்தான் நிற்கும்’ என்று சொன்னவர்கள் உண்டு. தரமிறங்கியவை பேராக்கும், யுஐடிஎம் பல்கலைக்கழக அணியும்தான். உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்ட அணி தப்பித்தது.

அப்படியிருந்தும் 2022 பருவம் முடிந்ததும் அந்த அணியே சூப்பர் லீக்கை விட்டு விலகிக்கொண்டது. திடலில் தாக்குப்பிடித்த அணி, கணக்குப் புத்தகத்தில் தாக்குப்பிடிக்கவில்லை.

ஏன் இப்படி? மேல் லீக்கிற்குப் போனால் செலவு ஒரே பருவத்தில் ஏறிவிடும். சபா, சரவாக் ஆட்டங்களுக்கு விமான டிக்கெட், தங்கும் விடுதி, அரங்க வாடகை, கூடுதல் சம்பளம் எல்லாம் உடனே வரும். டிக்கெட் வருமானமும் ஸ்பான்சரும் அதே வேகத்தில் வருவதில்லை. மாநிலச் சங்கங்களிடமிருந்து அணிகளைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக்கிய பிறகு, முன்பு மாநிலம் தாங்கிய சுமை ஒரு முதலாளியின் தோளில் விழுந்தது. அவர் தோளை விலக்கினால் அணி விழும். 2025ல் ஸ்ரீ பஹாங்கும் விலகியது. கிளந்தான் டாருல் நாயிமுக்கு உரிமமே கிடைக்கவில்லை.

மறுபக்கம் புருணையின் டிபிஎம்எம் அணி, சிங்கப்பூர் லீக்கை விட்டு 2025-26ல் மலேசிய சூப்பர் லீக்கிற்கு வந்திருக்கிறது. கீழ் லீக்கிலிருந்து மலாக்கா, இமிகிரேஷன், கிளந்தான் தி ரியல் வாரியர்ஸ் ஆகியவையும் மேலே வந்துள்ளன. 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்ற ஜேடிடி நிற்கும் லீக் இது. புதிதாக வந்தவர்களின் எதிர்காலத்தை முதல் ஐந்து ஆட்டங்களின் முடிவை வைத்துக் கணிக்க முடியாது. ஆறாவது மாதச் சம்பளம் நேரத்திற்கு வருகிறதா என்பதுதான் உண்மையான அளவுகோல்.

தைப்பிங் பெற்றோருக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. பிள்ளையை ஓர் அணி அழைத்தால், எந்த லீக் என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. சென்ற பருவத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி இருந்ததா? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா, எத்தனை மாதத்திற்கு? இபிஎஃப், சொக்சோ கட்டப்படுகிறதா? இபிஎஃப் கணக்கைக் கைப்பேசியிலேயே திறந்து பார்த்துவிடலாம். அணி நடுவில் கலைந்தால் கையில் நிற்பது எஸ்பிஎம் சான்றிதழும் ஒரு தொழிற்பயிற்சியும்தான். 17 வயதில் அவற்றை விட்டுவிட்டுப் போவது பெரிய பந்தயம்.

இதனால் காற்பந்தே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2010ல் மலேசியாவுக்கு ஆசியான் கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே.ராஜகோபால் நம்மவர். நம் பிள்ளைகளுக்குத் திறமை இருக்கிறது என்பதை 2021ஆம் ஆண்டு பெட்டாலிங் ஜெயா அணியும் காட்டிவிட்டது. குறை அவர்களைத் தாங்கி நிற்கும் அமைப்பில்தான். பேராக் அணி மீண்டும் சூப்பர் லீக்கிற்கு வரும் நாளில் கைதட்டுவோம். ஆனால் அதற்கு முன், அந்த அணியின் மூன்றாண்டுச் செலவுக்கு யார் பொறுப்பு என்று கேட்போம்.